திரை இருண்ட போனில் ஈஸ்வரி கல்யாணம்

5-10-2008, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். மத்திகிரியில் அக்டோபரிலேயே ஸ்வெட்டர். தண்ணீர் இன்று எங்கள் சாரிக்கு. குடம் எல்லாம் நிரப்பியாயிற்று. துணி ஊறுகிறது, துவைக்க மனமில்லை.

ஈஸ்வரி வந்தாள். அழுத முகம். வைகாசியில் கல்யாணம் ஆகிற வரை இதே அறையில் பக்கத்துப் பாயில் படுத்தவள். இப்போது இதே லைன் வீட்டில் எதிர்ச் சாரி, நாகராஜ் அண்ணாவோடு. கையில் அவருடைய கேமரா போன்.

நேற்று சானமாவு பக்கம் பைக்கில் வரும்போது அண்ணாவின் சட்டைப் பையிலிருந்து விழுந்திருக்கிறது. வெளியே ஒரு கீறல் இல்லை. திரை மட்டும் கறுப்பு. மணி அடிக்கிறது. பொத்தான்களில் விளக்கு எரிகிறது. பேசினால் கேட்கிறது. ஒன்றும் தெரிவதில்லை.

இதற்கா அழுகை என்றேன். பிறகுதான் சொன்னாள். தேனியில் அவள் வீட்டில் அவளோடு பேசுகிற ஒரே ஆள் தம்பி பாண்டி. அவனும் இங்கேதான் வேறு கம்பெனியில். அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போகிறான். நேற்று அவனிடம் அம்மா போனில் கேட்டாராம், “கல்யாணத்துல போட்டோ கீட்டோ புடிச்சாகளா?”

“கேட்டுருச்சுடி வாணி. இத்தன மாசமா எம்பேரையே எடுக்காத மனுஷி. அது கேட்ட அன்னிக்குத்தேன் இது விழுகணுமா?”

அவள் வீட்டார் வராமல் கோயிலில் நடந்த கல்யாணம். ஸ்டுடியோ ஆள் கிடையாது. இருக்கிற படம் எல்லாம் அந்தப் போனில் நான் எடுத்தவை. அன்று ஓரமாகத் தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். நாகராஜ் அண்ணாவின் அக்கா தெலுங்கில் ஏதோ சொல்லிப் போனைக் கையில் திணித்தார். “சும்மா நிக்காத” என்பது மட்டும் புரிந்தது.

தீபாவளிக்கு மூன்று வாரம். அவர்களுக்குத் தலை தீபாவளி. அம்மா வீட்டில் கூப்பிட வேண்டும். ஈஸ்வரி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. திறக்காததால்தான் எனக்குத் தெரிந்தது.

6-10, திங்கள்

மூடிய வானம். டிபன் பாக்ஸ் மூடி தொலைந்தது.

மாலையில் ஈஸ்வரியும் நானும் பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் ரிப்பேர் கடை. கடைக்காரர் போனைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார், தேங்காய் பார்ப்பது போல.

“டிஸ்ப்ளே போயிருச்சு. இந்த மாடலுக்கு பெங்களூர்ல இருந்து வரணும்.”

“எப்பங்க வரும்?”

“தீபாவளி கழிச்சு வாங்க.”

மெமரி கார்டைக் கழற்றிப் பார்த்தோம். முழுக்க பாட்டு. படங்கள் எல்லாம் போனுக்குள்ளேயே இருக்கின்றன. கேபிள் போட்டுக் கம்ப்யூட்டருக்கு இழுக்கலாமே என்றேன். கேபிள் செருகியதும் போன் ஒரு கேள்வி கேட்குமாம், எந்த வழியில் இணைக்க என்று. அதற்குத் திரையைப் பார்த்து பதில் அழுத்த வேண்டும். அதோடு அந்தப் போன் கம்பெனியின் சாஃப்ட்வேரும் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். பக்கத்து பிரவுசிங் சென்டரில் கேட்டோம். எதையும் ஏற்ற விட மாட்டார்களாம்.

பஸ்ஸில் திரும்பினோம். இறங்கும்போது ஈஸ்வரி, “விடுடி. எங்கம்மாளுக்குக் குடுத்து வச்சது அம்புட்டுத்தேன்.”

அந்த சாஃப்ட்வேர் எங்கள் கம்பெனியில் என் மேஜை கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. மேனேஜர் சார் போனுக்காகப் போட்டது. அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆசைப்படுவாள்.

7-10, செவ்வாய்

வெயில். கடைசியில் துணி காய்ந்தது.

எங்கள் கேட்டில் கேமரா போன் உள்ளே போகக் கூடாது. செக்யூரிட்டி வாங்கித் தட்டில் அடுக்கி டோக்கன் தருவார். என்னிடம் கேமரா இல்லாத போன். அதனால் தினமும் வரிசையில் நின்று தட்டை வேடிக்கை பார்ப்பதுதான் என் வேலை. எந்தப் போன் யாருடையது என்று எனக்கு மனப்பாடம். நாகராஜ் அண்ணாவின் அதே மாடல், அதே சாம்பல் நிறம், மெயிண்டனன்ஸ் மஞ்சுநாத் சாருடையது. அத்திப்பள்ளியிலிருந்து பைக்கில் வருகிறவர்.

திரை தெரிகிற போன் ஒன்று இருந்தால், தெரியாத போனுக்கு அதைப் பார்த்து வழி சொல்ல முடியாதா?

யோசனை காலையிலேயே வந்துவிட்டது. கேட்பதற்குத்தான் மாலை ஆயிற்று. டீ நேரத்தில் இரண்டு முறை பக்கத்தில் போய்த் திரும்பினேன். ஷிப்ட் முடிந்து பைக் ஸ்டாண்டில் நின்றேன்.

“சார், ஒரு நிமிஷம்.”

“ஏனு மேடம், ஒரு வருஷமா குட் மார்னிங் சொன்னா தலை ஆட்றதோட சரி. இன்னிக்கு நீங்களே பேசறீங்க. எந்த மெஷின் நின்னுபோச்சு?”

சொன்னேன். கோர்வையாக வரவில்லை. கல்யாணத்தை முதலில் சொல்லி, போனைப் பிறகு சொல்லி. அவர் பைக் மேல் சாய்ந்து கடைசி வரை கேட்டார்.

“ஆகுத்தே மேடம், ஆகுத்தே. கேபிள் என்கிட்ட இருக்கு. நாளைக்கு ஆயுத பூஜை இல்லையா, போட்டோ எடுக்க கேட்ல போனெல்லாம் விடுவாங்க. ரெண்டையும் உள்ள கொண்டு வந்துரலாம்.”

எனக்குத் தோன்றவே இல்லை. நாளைக்கு!

8-10, புதன். ஆ. பூஜை

என்றும் இல்லாத கூட்டம். எல்லாரும் புதுத் துணி. பிரஸ் மெஷின்களுக்கு மாலை, ஃபோர்க்லிஃப்ட் சக்கரத்துக்கு எலுமிச்சை, வாசலில் பூசணி. பொரி மூட்டை மூட்டையாக. எல்லார் கையிலும் இன்று போன், எல்லாரும் எல்லாரையும் படம் எடுக்கிறார்கள்.

நாகராஜ் அண்ணாவின் போனைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுபோனேன். என் மேஜைக்குப் போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், மேலே ஒரு முழம் சாமந்தி. கீபோர்டு மேல் மஞ்சள் துணி. பூஜைக்கு வைத்தாயிற்று. இனி நாளை வரை தொடக் கூடாது.

போன் உள்ளே வர முடிகிற ஒரே நாள். கம்ப்யூட்டரைத் தொட முடியாத ஒரே நாளும் அதுதான். எங்கள் வீட்டில் ஏர் கலப்பையை, அரிவாளை வைப்போம், அன்று அப்பா களத்துப் பக்கமே போக மாட்டார். இது தெரிந்தவள்தான் நான். நேற்று எப்படி மறந்தேன்.

மஞ்சுநாத் சார் மேனேஜர் சாரிடம் போனார். நான் அவர் முதுகுக்குப் பின்னால். மேனேஜர் சார் சேலத்துக்காரர், நெற்றி நிறைய விபூதி.

“பூஜை போட்ட சிஸ்டத்த ஆன் பண்றதா? அதெல்லாம் முடியாதுப்பா.”

அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவர் பொரியை மென்றுகொண்டே என்னைப் பார்த்தார்.

“யாரு கல்யாணம்?”

“என் ஃப்ரெண்டு சார்.”

“நாளைக்கு லீவு. ஆனா விஜயதசமிக்கு நான் ஒம்பது மணிக்கு வந்து எல்லாத்தையும் தொட்டு ஆரம்பிச்சு வெக்கணும். முதல் வேலை நல்லதா இருக்கணும்னு பாப்பேன். கல்யாணப் படம்தானே, அதையே முதல்ல பண்ணிக்கம்மா. கேட்ல சொல்லி வெக்கிறேன்.”

‘தேங்க்யூ’ என்று சொன்னேனா என்பதே நினைவில்லை.

ஈஸ்வரியிடம் இன்று சொன்னேன். இரவு சாப்பாடு அவள் வீட்டில். கொழுக்கட்டை.

9-10, வியாழன்

மழை இல்லை. லீவு நாளில் காலி பஸ்.

மஞ்சுநாத் சார் அத்திப்பள்ளியிலிருந்து இதற்காகவே வந்திருந்தார். அவர் வீட்டிலும் இன்று பண்டிகை.

மேனேஜர் சார் கற்பூரம் காட்டி, மஞ்சள் துணியை எடுத்துவிட்டு, “ம், ஆன் பண்ணு” என்றார். மேஜையில் இரண்டு போனும் அக்கா தங்கை மாதிரி. முதலில் மஞ்சுநாத் சாருடையதில் கேபிள். ஒரு பீப். திரையில் கேள்வி. மூன்று வழி: மேலே சாஃப்ட்வேர், நடுவில் பாட்டு ஏற்றுவது, கீழே பிரிண்டு. குறி மேலேயே நின்றது. நடுப்பொத்தானை அழுத்தினார், இணைந்தது.

இப்போது இருண்ட போன். கேபிள். பீப். நடுப்பொத்தான். கம்ப்யூட்டரில் திறந்தது கார்டு. பாட்டு, பாட்டு, பாட்டு.

மறுபடி. மறுபடியும் பாட்டு.

“இதுல வரிசை மாறி இருக்குமோ?” என்றார் அவர்.

வரிசை மாறாது. ஒரே மாடல். நாகராஜ் அண்ணா கடைசியாக என்ன செய்தார் என்று யோசித்தேன். போன மாதம் சிநேகிதர் கடையில் பாட்டு ஏற்றினார். சாருக்கு எப்போதும் சாஃப்ட்வேர். குறி கடைசியாக விட்ட இடத்திலேயே நிற்கிறது.

“ஒண்ணு மேல போகணும் சார்” என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது.

அவர் தன் போனைப் பாட்டு வழியில் ஒரு முறை இணைத்து, பிடுங்கி, திரும்பச் செருகினார். குறி நடுவில் நின்றது. என்னைப் பார்த்துக் கையால் ‘நீங்களே’ என்று காட்டினார்.

கேபிள். பீப். மேலே ஒன்று. நடுப்பொத்தான்.

கம்ப்யூட்டர் திரையில் அண்ணாவின் பெயர் வந்தது. உள்ளே படங்கள்.

“காபி பண்ணுங்க மேடம், காபி. கட் பண்ணாதீங்க.”

பச்சைக் கோடு பாதி போனபோது கரண்ட் போய்விட்டது. யூ.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. மஞ்சுநாத் சார் ஜெனரேட்டர் போட ஓடினார். மேனேஜர் சார், ஏன் என்று தெரியவில்லை, இரண்டு கையாலும் மானிட்டரைப் பிடித்துக்கொண்டார். ஜெனரேட்டர் வருவதற்குள் கோடு முடிந்துவிட்டது.

முதலில் திறந்த படத்தில் பாதி என் விரல். இரண்டாவதில் ஈஸ்வரி, குனிந்த தலை, மாலை. கழுத்தில் தாலி ஏறுகிற நேரம். கொஞ்சம் ஆடியிருக்கிறது. முகம் தெரிகிறது.

“ஒளே ஜோடி” என்றார் மஞ்சுநாத் சார். நல்ல ஜோடி.

சி.டி. போட்டாயிற்று. கல்யாணம் முழுவதும் உறையில்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: ம.நா. சார், அவர் பண்டிகையை விட்டு வந்ததற்கு அவர் வீட்டில் இருப்பவர்கள், மே. சார், கேட்டில் செக்யூரிட்டி தாத்தா. சரியாகச் சொன்னது: ஒருவருக்கும் இல்லை. ம.நா. சாரிடம் “வரேன் சார்” என்று மட்டும். அவர், “இனி திங்கட்கிழமைதான் வருவேன். குட் மார்னிங்குக்கு பதில் வந்தா போதும் மேடம்” என்றார்.

11-10, சனி

பாரூரிலிருந்து அப்பா போன். ஏரியில் தண்ணீர் வந்துவிட்டதாம். “சாப்டியா கண்ணு?” அதற்கு மேல் அவருக்குப் போனில் பேச வராது. எனக்கும்.

மாலை ஸ்டுடியோவில் ஈஸ்வரியும் நானும், எதைப் பிரிண்டு போடுவது என்று. அண்ணா பி ஷிப்ட். அவள் அழுத முகமாக இருப்பதையே பொறுக்கினாள். சிரிக்கிற படம் ஒன்று, இருப்பதிலேயே தெளிவானது. அண்ணா ஏதோ சொல்ல அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அதை ஒதுக்கினாள்.

“இது வேணாம்டி. நாங்க இல்லாமயே சிரிச்சுட்டு நிக்கிறா பாருன்னு நெனைக்கும்.”

“உன் அம்மா எதைத் தெரிஞ்சுக்கக் கேட்டிருப்பாங்க?” என்றேன்.

ஸ்டுடியோக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். பிறகு அவளே கையை நீட்டி, “அதயும் போடுங்கண்ணே” என்றாள்.

பாண்டி பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தான். உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். “அம்மா கிழிச்சுப் போட்டா என்னயத் திட்டாத” என்றான். ஈஸ்வரி அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

13-10, திங்கள்

குட் மார்னிங் சொன்னேன். ம.நா. சார் கையிலிருந்த ஸ்பேனரை உயர்த்திக் காட்டினார்.

பாண்டி என் போனுக்குப் பேசினான். அவள் வீட்டுக்குத் தெரிந்த நம்பர் இப்போது இதுதான். அம்மா படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாராம். ஒன்றும் சொல்லவில்லையாம். உறையில் போட்டு அரிசிப் பானை மேல் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாராம்.

“கிழிக்கல” என்றான். “அம்புட்டுத்தேன் சொல்ல முடியும்.”

ஈஸ்வரி கேட்டுக்கொண்டு தலையசைத்தாள். பாத்திரம் விளக்கப் போனாள். விளக்கினதையே திரும்ப விளக்கினாள்.

15-10, புதன்

ஒன்றும் இல்லை. தலைவலி. இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. தேனியிலிருந்து போன் இல்லை. நாகராஜ் அண்ணா மட்டும், “இங்கயே பண்ணிக்கலாம்மா தீபாவளி, நீயும் வா” என்றார். நல்ல மனிதர்.

18-10, சனி

அரை நாள் வேலை. நல்ல வெயில். அறைக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது போன். புது நம்பர். பின்னால் ஒரே கூச்சல்.

“நீதேன் வாணியா? ஈஸ்வரி கூட இருந்த பிள்ள?”

“ஆமாங்கம்மா.” யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. குரல் அப்படியே அவள் குரல்.

“பக்கத்துல இருக்காளா?”

“எதிர்ல வீடுங்க. கூப்பிடட்டுங்களா?”

“வேணாம் வேணாம். அவட்டப் பேசுனா அழுது தொலைச்சுருவேன், ஒண்ணும் கேக்க முடியாது. நான் ஜவுளிக் கடையில நிக்கிறேன். அந்தத் தம்பிக்குச் சட்ட அளவு என்னா? போட்டோவுல பாத்தா ஒல்லியாத்தேன் இருக்கு, தோளு மட்டும் அகலமா தெரியிது. கடக்காரரு அளவு தெரியாமக் குடுக்க மாட்டேங்குறாரு.”

எனக்குத் தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. “பத்து நிமிஷத்துல சொல்றேங்கம்மா” என்றேன்.

செருப்பில்லாமல் ஓடினேன். கொடியில் அண்ணாவின் நீலச் சட்டை. காலரில் எண் துவைத்துத் துவைத்து அழிந்திருந்தது. ஈஸ்வரி உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“அண்ணாவுக்குச் சட்டை அளவு என்ன?”

“எதுக்குடி?”

“உங்கம்மா ஜவுளிக் கடையில நிக்கிறாங்க.”

அரிசியில் கை அப்படியே நின்றது. தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அது ஈரத்தை இன்னும் அதிகமாக்கியது.

“நாப்பது” என்றாள். நான் திரும்பினேன். வாசல் வரை போனதும் கூப்பிட்டாள்.

“ஏ, நில்லு. நாப்பத்திரண்டுன்னே சொல்லு. இப்ப எஞ்சாப்பாட்டுல கொஞ்சம் சதை போட்டுருக்காரு.”