பாட்மேர் சாலையில் ஓர் உருமா

என் பிரியமுள்ள பரமசிவ மச்சானுக்கு,

முதலில் இந்தக் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான். ஆனாலும் எழுத்துகள் கோட்டில் நிற்க மாட்டோம் என்கின்றன. ஒன்று மேலே ஏறுகிறது, ஒன்று கீழே சரிகிறது. ஒரு பக்கம் முடிப்பதற்குள் டீ ஆறிப்போகிறது. நீ பார்த்தால், "என்ன மாப்ள, கோழி கிண்டுன மாதிரி இருக்கு" என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். எழுபது தாண்டிப் படிக்க ஆரம்பித்தவனின் எழுத்து இது. எனக்கு இதைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கிறது.

நீ இருந்தவரை எனக்கு எழுத்து வேண்டியிருக்கவில்லை. லாரியை எந்த ஊரில் நிறுத்தினாலும் போன் போட்டுவிடுவாய். நீ போன பிறகுதான், இனி இவனிடம் பேச வேண்டுமானால் எழுதத்தான் வேண்டும் என்று தோன்றியது. தாராவியில் நம் சங்கத்து அறையில் சாயங்காலம் நடக்கிற வகுப்பில் போய் உட்கார்ந்தேன். மாட்டுங்காவிலிருந்து ஒரு டீச்சரம்மா வருகிறார். இந்தக் கடிதத்தைச் சங்கத்து மலரில் போடலாம், பிழையை மட்டும் திருத்தித் தருகிறேன் என்று அவர்தான் சொன்னார். அதனால் நம் ஆட்கள் நாலு பேர் இதைப் படிப்பார்கள். நீ கூச்சப்படாதே.

சரி, சேதிக்கு வருகிறேன். நாங்கள் உன் சாலையில் வரப்போகிறோம், மச்சான்.

என் மகள் செல்வி, உன் மருமகள், கார் வாங்கியிருக்கிறாள். சின்ன வண்டிதான், ஆனால் நன்றாக ஓட்டுகிறாள். நெருளிலிருந்து ஐரோலி ஆபீசுக்கு அதில்தான் போய்வருகிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, போனில் வரைபடத்தை விரித்து வைத்தாள். சூரத், அகமதாபாத், பிறகு பூஜ். பூஜுக்கு அப்பால் நீ சொன்ன அந்தச் செம்பாறைப் பள்ளத்தாக்கு. அங்கிருந்து வடக்கே பாட்மேர், ஜெய்சல்மேர். திரும்பும்போது ஜோத்பூர், உதய்ப்பூர்.

அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! "பூமி வெடிச்சு வாயத் தொறந்து கெடக்கு மாப்ள. நம்ம தாராவியத் தூக்கி உள்ள வச்சாலும் எடம் மிச்சம் இருக்கும். ஒரு மனுசன் சத்தம் கெடையாது." தோல் பட்டறையில் பை தைத்துக்கொண்டே கேட்பேன். மாஹிமுக்கும் சயானுக்கும் நடுவில் என் ஆயுசு போய்விட்டது. ஆள் சத்தம் இல்லாத இடம் என்று ஒன்று இருக்கும் என்பதையே நீ சொல்லித்தான் நம்பினேன்.

"நான் டிரைவர் பக்கத்துல உக்காந்து போர்டெல்லாம் வாசிச்சுச் சொல்லுதேன்" என்றேன் செல்வியிடம்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்பா, பாட்மேர்ல எவன் தமிழ்ல போர்டு வச்சிருக்கான்?"

அது எனக்கு அந்த நிமிஷம் வரை உறைக்கவில்லை, மச்சான். எழுத்து தெரிந்தால் உலகத்துப் போர்டெல்லாம் தெரிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அடுப்படியிலிருந்து பேச்சி குரல் கொடுத்தாள்: "நல்லா வாசிச்சீங்க போங்க! பின்ன எதுக்கு இம்புட்டு நாள் சிலேட்டும் கையுமாத் திரிஞ்சீங்க?"

"உங்க அண்ணனுக்கு எழுதத்தான்" என்றேன்.

அவள் பேச்சு அதோடு நின்றுவிட்டது. பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

உன் தங்கச்சி ஏன் அப்படி ஆனாள் என்று உனக்குச் சொல்ல வேண்டும். நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். போன வருஷக் கோடையில் கல் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, பாட்மேர் தாண்டி நீ வழக்கமாகச் சாப்பிடும் டாபாவில் வண்டியை நிறுத்தினாய். சாப்பிட்டுக் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தாய். அதுவரைதான் உனக்குத் தெரியும். டாபாக்காரர் பூராராம் வந்து எழுப்பிப் பார்த்திருக்கிறார். அப்புறம் உன் போனை எடுத்து, நீ கடைசியாகப் பேசிய நம்பருக்குக் கூப்பிட்டார். அது பேச்சியின் நம்பர்.

உன்னை இங்கே கொண்டுவர ரெண்டு நாளாவது ஆகும் என்றார்கள். என்ன செய்வது என்று எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தோம். நீ கல்யாணம் கட்டாதவன், உனக்கு அவள்தானே எல்லாம். "அந்த வெயில்ல எங்க அண்ணனப் போட்டு உருட்ட வேண்டாம். அங்கனயே செஞ்சிரச் சொல்லுங்க" என்றாள். பூராராமே உனக்குக் கொள்ளி வைத்தார். தான் முகம் பார்த்திராத ஒரு குடும்பத்துக்காக, உன்னைத் தன் வீட்டு ஆள் மாதிரி அனுப்பி வைத்தார்.

பதினாறாம் நாள் நம் வீட்டில் விசேஷம் வைத்தோம். கொள்ளி வைத்தவனுக்கு மாமன் மச்சான் முறைக்காரன் புதுத்துணியை உருமாவாகத் தலையில் கட்டி, சபையில் உட்கார வைக்க வேண்டுமே. அந்த முறைக்காரன் நான்தான். துணியோடு நின்றேன். கட்டத்தான் தலை இல்லை. "ஒப்புக்கு யாராவது ஒருத்தருக்குக் கட்டிருவோம்" என்று ஒரு பெரியவர் சொன்னார். பேச்சி விடவில்லை. "கொள்ளி வச்சது ஒருத்தரு, உருமா இன்னொருத்தருக்கா?" என்று துணியை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த ஊர்ப் பேரையே அவள் எடுத்ததில்லை.

தலைத்திவசம் முடிந்தது. மழையும் விட்டது. குளிர் காலத்தில்தான் அந்தப் பக்கம் போக வேண்டும் என்று நீ சொல்வாயே, அதனால்தான் இப்போது கிளம்புகிறோம். பள்ளத்தாக்கையும் பார்த்துவிட்டு, பூராராமுக்கு உருமாவும் கட்டிவிட்டு வருவோம் என்று திட்டம் போட்டோம். பேச்சி ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் வரல."

"ஏன் பேச்சி?"

"அந்த மனுசன் மூஞ்சில எப்படி முழிக்க? கூடப் பொறந்தவ ஒரு எட்டு வராம போன்லயே முடிச்சிட்டாளேன்னு நெனச்சிருக்க மாட்டாரா?"

இதுதான் மச்சான், ஒரு வருஷமாக அவள் நெஞ்சில் கிடந்தது. யாரும் அவளை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அவளேதான் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நீ வராவிட்டால் நானும் போகவில்லை என்றேன். செல்வி லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். போனை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "சரி, அவர்ட்டயே கேட்டுருவோம்" என்று பூராராம் நம்பரைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

அவர் பேசியது இந்தியில். எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். எங்களுக்குள் இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது, அதற்காக வரலாமா என்று செல்வி தயங்கித் தயங்கிக் கேட்டாள். தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"எங்களிலும் அதே வழக்கம்தான் மகளே" என்றார். "பன்னிரண்டாம் நாள், உனக்கு யார் தலைப்பாகை கட்டப்போகிறார்கள் என்று ஊரில் கேட்டார்கள். தெற்கேயிருந்து வருவார்கள் என்று சொல்லிவிட்டேன்."

அப்புறம் அவரே கேட்டார்: "பேச்சி பஹனும் வருவார்கள் அல்லவா?" பஹன் என்றால் சகோதரி.

உன் தங்கச்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எம் பேரு இவருக்கு எப்படித் தெரியும்?" என்று என்னிடம் கேட்டாள். செல்வி அதை இந்தியில் கேட்க, அவர் சிரித்தார் பார். நீ அங்கே சாப்பிட்ட ஒவ்வொரு தடவையும் பருப்பைக் குறை சொல்வாயாமே. புளிப்பே இல்லை, என் பேச்சி வைக்கிற குழம்பு மாதிரி வருமா என்று தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, பிறகு முழுவதையும் தின்பாயாமே. "அவர் போன பிறகு பருப்பில் கொஞ்சம் புளி போட ஆரம்பித்தேன். மற்ற டிரைவர்கள் என்னைத் திட்டுகிறார்கள்" என்றார்.

பேச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே போனைப் பிடுங்கினாள். அன்றைக்குத் தான் வராமல் போனதை அவர் தப்பாக நினைத்தாரா என்று நேராகக் கேட்டுவிட்டாள். இந்தியும் தமிழும் கலந்துதான். அவருக்குப் புரிந்துவிட்டது.

"அந்த வெயிலை நீங்கள் பார்த்ததில்லை பஹன். என் தகப்பனாராக இருந்திருந்தாலும் நான் அதையேதான் செய்திருப்பேன்."

"பாய்சாப், ஹம் லோக் ஆரேலா ஹை" என்றாள் பேச்சி. அண்ணே, நாங்கள் வருகிறோம் என்று, பம்பாய்க்காரி பாஷையில், சத்தமாக.

போனை வைத்த பிறகுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. "ஏங்க, கொள்ளி வச்சவரு எங்க அண்ணனுக்கு மகன் முறைன்னா, எனக்கு மருமகன்ல்லா? மருமகனப் போயி பாய்சாப்னுட்டேனே!"

"அப்போ எனக்கு அத்தான் முறையாம்மா?" என்றாள் செல்வி. "மீசையெல்லாம் நரைச்ச அத்தான்!"

"சும்மா கெடட்டி" என்று அவளை அதட்டினாள் பேச்சி. அதட்டிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். நீ போன பிறகு இந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டதில்லை, மச்சான்.

இப்போது பயணத் திட்டம் என் கையிலும் இல்லை, செல்வி கையிலும் இல்லை. எல்லாம் உன் தங்கச்சி ராஜ்யம். பெட்டியில் இருந்த துணியை எடுத்து விரித்துப் பார்த்தாள். "ராஜஸ்தான்காரர் தலைக்கு இது ஒரு சுத்துக்குக் காணுமா?" என்று நீளத் துணி வாங்கிவந்துவிட்டாள். புளி ஒரு பொட்டலம், மருமகனுக்கு வேட்டி, அவர் வீட்டுக்காரிக்குச் சேலை. டாபா அடுப்பில் ஒரு நாள் தானே குழம்பு வைக்கப்போகிறாளாம். அந்த டிரைவர்களுக்கும் புளியின் ருசி தெரியட்டுமாம்.

நான் தினமும் அந்தத் துணியைத் தண்ணீர்க் குடத்தின் மேல் சுற்றிப் பழகுகிறேன். சபையில் அவிழ்ந்துவிட்டால் மரியாதை இல்லையே. பூஜ் பள்ளத்தாக்கை விட்டுவிட்டு நேராக டாபாவுக்கே போய்விடலாமா என்று கேட்டேன். பேச்சி சண்டைக்கு வந்தாள். "எங்க அண்ணன் பாத்தது அம்புட்டும் நான் பாக்கணும்" என்கிறாள்.

நினைத்துப் பார்த்தால் உனக்கு எவ்வளவு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது! நீ ஊர் ஊராக ஓடினாய், நான் உட்கார்ந்த இடத்திலேயே அத்தனை ஊரையும் கண்டேன். போன இடத்திலும் எங்களுக்கு ஓர் உறவைச் சம்பாதித்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாய். வேறு யாருக்கு இது முடியும்? அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நின்று நீ யாரை நினைத்துக்கொள்வாய் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். கேட்காமல் விட்டுவிட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பேச்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். எழுத்துக் கூட்டி, முதலிலிருந்து வாசித்துக் காட்டினேன்.

"நான் வாரேன்னு எழுதிட்டீங்கள்லா?"

"எழுதிட்டேன்."

"இன்னொரு தரம் எழுதுங்க. எங்க அண்ணனுக்கு ஒரு தரம் சொன்னாப் போதாது."

எழுதுகிறேன், மச்சான். பேச்சி வருகிறாள்.

நாளை மறுநாள் விடியுமுன் கிளம்புகிறோம். அடுத்த வாரம் இந்நேரம் நீ சாய்ந்த அதே கட்டிலில் உட்கார்ந்து, எங்கள் மருமகன் தலையில் உருமா நின்றதா, சரிந்ததா என்று உனக்கு எழுதிவிடுவேன். இது சத்தியம்.

உன் தங்கச்சியைக் கட்டிய மாப்பிள்ளை,
வேலாயுதம்