நான் விட்ட எண்ணெய்

இன்று காலை சிறுசேரியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் பியானோவின் முன்பலகையைக் கழற்றியதும் தையல் மெஷின் எண்ணெய் வாசனை அடித்தது. "கட்டை சரியா மேல வரல மேடம். நான்தான் வீடியோ பார்த்து ரெண்டு சொட்டு விட்டேன்" என்று வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். நீ உடன் இருந்திருந்தால் வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருப்பாய்.

தாம்பரம் இசைப் பள்ளி நினைவுக்கு வந்தது. நாம் இருவரும் சேர்ந்து வேலைக்குப் போன மூன்றாவது மழைக்காலம் அது. சுருதி சேர்ப்பது என் பங்கு, உள்ளே இருக்கும் பாகங்கள் உன் பங்கு. திருமுடிவாக்கத்தில் போல்ட் கம்பெனியில் மைக்ரோமீட்டர் பிடித்து அளவு பார்த்த கை உன்னுடையது. அந்தக் கம்பெனி மூடியதும் என் ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏறிவிட்டாய். கட்டையை அழுத்தினால் பியானோவுக்குள் தந்தியைத் தட்டும் ஒவ்வொரு சுத்தியலும் குண்டூசி கனமுள்ள ஒரு கம்பியில் அசைகிறது. கம்பளித் துணி ஒட்டிய துளைக்குள் அந்தக் கம்பி உட்கார்ந்திருக்கிறது. மழை ஈரத்தில் துணி உப்பினால் கம்பியைப் பிடித்துக்கொள்ளும், சுத்தியல் மந்தமாகிவிடும், கட்டையும் சட்டென்று மேலே வராது. இதை உன்னிடம் ஒரு முறைதான் சொன்னேன்.

தாம்பரம் மேற்கில் இருந்த அந்த இசைப் பள்ளிக்கு, நீ காய்ச்சலில் படுத்திருந்ததால் நான் தனியாகப் போனேன். நடுக்கட்டைகள் எல்லாம் மெதுவாகத்தான் மேலெழுந்தன. ஒவ்வொரு கம்பியாக உருவிச் சரிசெய்ய இரண்டு நாள் ஆகும். பள்ளிக்கரணையில் வேறொரு வீட்டில் காத்திருந்தார்கள். எண்ணெய் விட்டேன். உடனே எல்லாம் வழுவழுவென்று ஓடின. உன்னிடம், "துணிய ஸ்பிரிட் போட்டுக் கழுவிட்டேன்" என்றேன்.

பத்து நாள் கழித்து, பிள்ளைகளின் பியானோத் தேர்வு நாளன்று காலை ஏழரைக்குப் பிரின்சிபால் போன் செய்தார். "அழுத்தினா அப்படியே கீழயே நிக்குது. பதினோரு மணிக்கு எக்ஸாமினர் வரார்."

மழையில் போய்ச் சேர்ந்தோம். நீ ஒரு சுத்தியலைக் கழற்றி மூக்கருகே வைத்தாய். துணி எண்ணெயில் ஊறி வீங்கி, தூசி சேர்ந்து பசையாகியிருந்தது. "யாரோ எண்ணெய் விட்டிருக்காங்க மேடம்" என்று பிரின்சிபாலிடம் சொன்னாய், எதுவும் தெரியாமல். அவர் யோசிக்கவே இல்லை. கூடம் பெருக்கும் ஸ்டெல்லா அக்காவைக் கூப்பிட்டார்.

"இதைத் துடைக்கிறது நீதானே?"

"மேலதான்மா தொடச்சேன். உள்ள நான் ஏன் கை வெக்கப் போறேன்?"

"ஒண்ணும் பேசாதே. பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

நான் தரையில் கிடந்த ஸ்குரூக்களைப் பொறுக்குவதுபோலக் குனிந்திருந்தேன். நிமிர்ந்தபோது நீ என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாய். பொறுக்கிய ஸ்குரூக்களை அவை மறுபடி கீழே நழுவவிட்டன. அவர்கள் இருவரும் வெளியே போகும்வரை காத்திருந்து, "நீதானே?" என்றாய்.

"எக்ஸாம் முடியட்டும்டி. அப்புறம் சொல்லிடறேன்."

"அதுக்குள்ள அந்தக்கா பஸ் ஏறிடும்."

"இப்ப சொன்னா நம்மளத் தொரத்திடுவாங்க. அப்புறம் இத யார் சரிபண்றது?"

"நான் பண்றேன். நீ போ."

நீ குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினேன். புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு ஸ்டெல்லா அக்கா நின்றிருந்தார். "நான்தான்கா விட்டேன்" என்றேன். அவர் திட்டவில்லை. "அத அவங்களாண்ட வந்து சொல்லு" என்று எனக்கு முன்னால் நடந்தார்.

சொன்னேன். பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இன்னிக்கு எக்ஸாம் நடந்தாகணும். அதோட நீங்க ரெண்டு பேரும் இந்தப் பக்கம் வரக்கூடாது" என்றார். ஸ்டெல்லா அக்காவிடம், "போய் வேலையப் பாரு" என்றதோடு சரி.

நான் கூடத்துக்குத் திரும்பியபோது மணி ஒன்பதேகால். அதற்குள் நீ பிள்ளைகளின் நோட்டுகளை வாங்கி, அவர்கள் வாசிக்கப்போகும் கட்டைகளுக்கு மட்டும் சாக்பீஸால் அடையாளம் போட்டிருந்தாய். அவற்றில் சிக்கிக்கொண்டவை பத்தொன்பது. நான் கம்பியை உருவ, நீ துணியைக் கழுவி, துளையை இழைத்து, அளவான புதுக் கம்பியைச் செருகினாய். யாரும் கேட்காமலே ஸ்டெல்லா அக்கா ஹேர் டிரையரோடு வந்து உலர்த்தினார். பத்தரைக்குக் கரண்ட் போனது. நோட்டு அட்டையை எடுத்து விசிற ஆரம்பித்தார்.

பதினெட்டாவது சுத்தியலை நீ மாட்டும்போது எக்ஸாமினரின் கார் கேட்டுக்குள் வந்துவிட்டது. மிச்சமிருந்த ஒரு கட்டை, ஒரே ஒரு பெண்ணின் கடைசிப் பாட்டில் ஒரே ஒரு முறை வரும். அவளைத் தனியே அழைத்து, "அத மட்டும் தொடாம தாண்டிடு கண்ணு" என்றாய். அவள் முறை வந்தபோது வராந்தாவில் மூவரும் நின்று கேட்டோம். அந்த இடம் வந்தது. அவள் தாண்டினாள். சின்னதாக ஒரு மௌனம் விழுந்தது, பாட்டு நிற்கவில்லை. ஸ்டெல்லா அக்கா என் முதுகில் பட்டென்று ஓர் அடி வைத்தார். கோபமா ஆறுதலா, தெரியாது.

திரும்பும்போது கேம்ப் ரோடு சிக்னலில் நின்றோம். பின்சீட்டிலிருந்து, "எங்கிட்டயாவது மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றாய். அவ்வளவுதான். அதன்பின் எட்டு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை.

இப்போதெல்லாம் என் கையால் ஏதாவது கெட்டுப்போனால், வீட்டுக்காரர் கேட்குமுன் சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொல்வது பழகிவிடும் என்று நினைத்தேன், பழகவில்லை.

சேலையூர் வீட்டில் நோயில் படுத்திருந்த உன்னைக் கடைசியாகப் பார்க்க வந்தபோது, நானேதான் கேட்டேன். "அந்த எக்ஸாம் நாள் ஞாபகம் இருக்கா?"

"எந்த எக்ஸாம்?" என்றாய், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

உண்மையிலேயே மறந்திருந்தாயா, எனக்காக மறந்தாயா என்று கேட்க வாயெடுத்தேன். உன் அம்மா மாத்திரையோடு உள்ளே வந்துவிட்டார். நீ எழுந்து உட்கார நான் முதுகைத் தாங்கிப் பிடித்தேன். கேட்காத அந்தக் கேள்வி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.