பதினோரு ஈக்களும் அப்பாவின் தூரிகையும்

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அப்பா பத்து நாளாகக் கட்டிலை விட்டு இறங்கவில்லை, இரண்டு கரண்டி கஞ்சிதான் உள்ளே போகிறது. இனி ஊசி போட்டுப் பயனில்லை என்று டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்.

இதற்கு நடுவில், நான் ஈக்களை அனுப்பியிருந்த அருங்காட்சியகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. இறக்கையைக் கொடி போல ஆட்டுகிற என் சைகை ஈக்கள் புதுப் பேரினம் இல்லையாம். நீதான் ஒரு நாளும் என் ஈப்பெட்டியைத் திறந்து பார்த்ததில்லை, அதனால் சொல்கிறேன். ஏற்கெனவே பெயர் வைத்திருக்கிற அந்த வகை ஈக்களுக்கு முதுகின் பின்விளிம்பில் இருக்க வேண்டிய இரண்டு முள்ரோமங்கள் இவற்றுக்கு இல்லை, அதை வைத்துத்தான் பதினாறு வருடமாக இது தனிப் பேரினம் என்று வாதாடினேன். ரோமம் இருந்து உதிர்ந்திருக்கிறது, அது முளைத்த குழி பதினோரு ஈயிலும் தெரிகிறது என்று அங்கே ஈக்களைப் பார்க்கிற அதிகாரி எழுதியிருக்கிறார். படிக்காதவள் என்று மட்டம் தட்டுகிறாரே என்று கொதித்துப்போய், முன்பு நான் வேலை பார்த்த பழக்கிடங்குக்கே போய் உயிரோடு ஒன்றைப் பிடித்து வந்தேன். அதே இறக்கைப் புள்ளிகள். முதுகில் இரண்டு ரோமமும் விறைப்பாக நிற்கின்றன.

அப்போதுதான் உறைத்தது. அந்தப் பதினொன்றையும் நான் பிடித்தது ஒரே வாரத்தில். பூதக்கண்ணாடி வாங்கியது மறுவருடம். இடையில் வந்த மழையில் பெட்டிக்குள் பூஞ்சணம் பிடித்தது. கடை போர்டு எழுதும் தன் தூரிகையால் அப்பாதான் ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தார். “ஈக்காரி, உன் பிள்ளைங்க எல்லாருக்கும் முதுகு தேச்சு விட்டுட்டேன், பாரு” என்று அன்றைக்கு அவருக்கு ஒரே பெருமை.

நேற்று, “அந்த ஆளு என்ன எழுதியிருக்கான்?” என்று கேட்டார். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றேன். “நீ விடாதே” என்று சிரித்தார். உன் அண்ணனோ, “தப்புன்னு ரெண்டு வரி எழுதிப் போடும்மா, எதுக்கு இந்த வீம்பு?” என்கிறான். எழுதினால் எப்படித் தப்பானது என்று அப்பா கேட்பார். எழுத மாட்டேன். அந்த ஆபீஸே கூடிச் சிரிக்கட்டும். அவர் மூச்சு இருக்கும் வரை அது தனிப் பேரினம்தான். அதற்குப் பிறகு திருத்தி எழுத எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உங்கள் இருவருக்கும் என் ஆசி. போனில் அப்பா இந்தப் பேச்சை எடுத்தால், அம்மா சொல்வதுதான் சரி என்று சொல். தூரிகை விஷயத்தை அண்ணனிடம் மூச்சு விடாதே. லீவு கிடைக்கட்டும் என்று காத்திருக்காமல் கிளம்பி வா.

அம்மா