பால் சேர்க்காத பாயசம்

ஜூன் 10, செவ்வாய்

விடியற்காலை முதல் மழை. குழந்தைத் துணி ஒன்றும் காயவில்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டேன். இப்போது எல்லாவற்றிலும் புகை நாற்றம்.

நிலாவின் மலத்தில் மறுபடியும் இரத்தம். சளியோடு சேர்ந்து, நூல் மாதிரி. வீட்டுக்காரர் பினுவைக் கூப்பிட்டுத் துணியைக் காட்டினேன். "கொஞ்சம் போலத்தானே உண்டு" என்றார். கொஞ்சமாம். கம்பியில் கொஞ்சம் போல கரண்ட் வந்தால் இவர் தொடுவாரா? எலெக்ட்ரீஷியன்.

நான் தின்பது தாய்ப்பால் வழியாகப் போய் அவள் குடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். மூன்றரை மாதக் குழந்தை, வேறு எதுவும் வாயில் வைத்ததில்லை. ஆகவே நான் விலக்க வேண்டியவை:

பால், தயிர், மோர், நெய், வெண்ணெய்
முட்டை
கோதுமை, மைதா
சோயா
நிலக்கடலை, அண்டிப்பருப்பு (முந்திரி)
மீன்

மிச்சம் என்ன? சோறு, மரச்சீனிக் கிழங்கு, தேங்காய், கருப்பட்டி, ஏத்தம்பழம், கீரை. எப்போதாவது கோழி. மூன்று வாரமாக இதுதான். இப்படியும் நிற்காவிட்டால் தாய்ப்பாலை நிறுத்திவிட்டு, பசும்பால் சேராத டப்பா மாவு கரைத்துக் கொடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். நிறுத்த மாட்டேன். மண்ணைத் தின்னச் சொன்னாலும் தின்பேன்.

மத்தியானம் மாமி, பினுவின் அம்மா, சாளை மீன் பொரித்தார். வீடு முழுக்க மணம். எனக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

ஜூன் 12, வியாழன்

வெயில். துணியெல்லாம் மறுபடி துவைத்தேன்.

இனிப்புக்கு நாக்கு அலைகிறது. லீவு எடுப்பதற்கு முன்பு, பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பாறசாலையில் ஒரு பப்ஸ், ஒரு பால் சாயா. மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிற டீச்சர் பப்ஸை நினைத்து அழுகிறாள் என்று தெரிந்தால் பிள்ளைகள் சிரிக்கும்.

செய்தது: கூவைக்கிழங்குப் பொடி, கருப்பட்டிப் பாகு, தேங்காயின் இரண்டாம் பால். கைவிடாமல் கிண்டித் தட்டில் ஊற்றி, ஆறியதும் துண்டு போட்டது. கொஞ்சம் ஏலக்காய். ஏலக்காய் ஆகுமா என்று டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் அதையும் நிறுத்தச் சொல்லிவிடுவார்.

ருசி: சுவரொட்டி ஒட்டுகிற பசை. பக்கத்து வீட்டு சுமதி அக்கன் ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்துவிட்டு மலையாளத்தில், "நெய்யில்லாண்டு எந்து அலுவா மோளே" என்றார். நெய் இல்லாமல் என்ன அல்வாவாம். மிச்சத்தைக் கோழிக்கு வைத்தேன். கோழி தின்றது, அதற்கு ஒரு விலக்கும் இல்லை.

ராத்திரி அம்மா கொடுத்தனுப்பிய லேகியம் ஒரு உருண்டை. பிரசவம் ஆனதிலிருந்து தினம் காலையும் ராத்திரியும். வாய்க்கு ருசியாக இருப்பது இந்த வீட்டில் இப்போது அது ஒன்றுதான்.

ஜூன் 15, ஞாயிறு

மூடல் வானம். ஏத்தம்பழப் பாயசம். பழத்தை ஆவியில் வேகவைத்து, நார் எடுத்து மசித்து, கருப்பட்டியில் வரட்டினேன். இதுவரை நன்றாகத்தான் வந்தது. தேங்காயின் தலைப்பால் விட்டதும் அடுப்பை அணைத்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து நிலா அழுதாள். தூக்கப் போனேன். திரும்பி வந்தால் கொதித்துத் திரிந்து, எண்ணெய் தனியே மிதக்கிறது.

எனக்குத் துணையாகப் பினுவும் பால் குடிப்பதை விட்டுவிட்டாராம். பால் சேர்க்காத கட்டஞ்சாயாதானாம். சாயங்காலம் வந்தவரின் மீசையில் பாலாடை ஒட்டியிருந்தது. துடைக்கச் சொன்னேன், வேறொன்றும் கேட்கவில்லை. திரிந்த பாயசத்தை இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, "கொள்ளாம், நல்லா உண்டு" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் எதற்குச் சொல்ல வேண்டும்?

இரத்தம்: காலையில் இல்லை, மாலையில் உண்டு.

ஜூன் 18, புதன்

மழையில் ஆட்டோ பிடித்து ஆசுபத்திரி. நிலாவின் எடை ஏறவே இல்லை. தராசில் கிடந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். பக்கத்தில் ஒரு அம்மாள் தன் பேரனைக் காட்டி, "இவனுக்கும் அவளுக்கும் ஒரே மாசமாக்கும்" என்று யாரிடமோ சொன்னாள். அவன் தொடையும் நிலாவின் இடுப்பும் ஒரே பருமன்.

டாக்டர் கேட்டார், பட்டியலை மீறினீர்களா? இல்லை. வேறு மருந்து? இரும்புச் சத்து மாத்திரை மட்டும். எதையும் மறைக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

டப்பா மாவைப் பற்றி மறுபடி சொன்னார். கெஞ்சி நாள் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 21, சனி

எழுதக் கை ஓடவில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

அம்மா ஆரியங்கோட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாள். தலை நனைந்து, கையில் புது போத்தல் நிறைய லேகியம். பிரசவம் பார்த்து அனுப்பிய மகளுக்குத் தீர்வதற்குள் அடுத்தது கொண்டு வருவது தாயின் கடமையாம். எனக்கு ஒரு யோசனை. இது ஒன்றுதானே ருசிக்கிறது, இதையே பலகாரமாகச் செய்து வைத்துக்கொண்டால் என்ன?

"எப்பிடிம்மா செய்த? சொல்லு, நானும் செய்து வச்சுக்கிடுதேன்."

"அதுல என்ன உண்டு? பூட உரிச்சு பாலுல போட்டு வேகவச்சு அரைக்கணும். பின்ன கருப்பட்டிப் பாகு, சுக்கு, மிளகு. நெய்ய விட்டு விட்டுக் கிண்டணும். நெய்யி குறைஞ்சா கெட்டுப்போவும், கேட்டியா."

"எந்தப் பாலு?"

"பசும்பாலாக்கும். பின்ன எருமப் பாலா?"

அவளுக்கு இன்னும் புரியவில்லை. நான்தான் சொன்னேன். சொன்னேனா, கத்தினேன். மாமி அடுக்களையிலிருந்து ஓடி வந்தார். அம்மா போத்தலை மடியில் வைத்தபடியே, "அது மருந்தாக்கும் மக்களே. மருந்து எப்பிடிப் பிள்ளைய கெடுக்கும்?" என்றாள்.

அவளைச் சொல்லி என்ன? பி.எட். படித்தவள் நான். சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கவில்லை, ஏனென்றால் அது மருந்து. டாக்டரிடம் மருந்து என்று சொல்லவில்லை, ஏனென்றால் அது வீட்டு லேகியம். சாளையை விட்டு, மோரை விட்டு, பசையைக் கிண்டித் தின்று, காலையும் ராத்திரியும் என் கையாலேயே பாலும் நெய்யும் உருட்டி விழுங்கியிருக்கிறேன்.

அம்மா சாப்பிடாமல் போய்விட்டாள். குடையை விட்டுவிட்டாள். மழை.

ஜூன் 23, திங்கள்

டாக்டருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "ரண்டாழ்ச கூடி நோக்காம்" என்றார். அந்த இரண்டு வாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன். லேகியம் இரண்டு போத்தலும் தென்னை மூட்டில் கொட்டியாயிற்று. எறும்பு மொய்க்கிறது.

அம்மாவுக்குப் போன் செய்யவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

நல்ல வெயில். எழுதவே பயமாக இருக்கிறது. புதன்கிழமையிலிருந்து துணியில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் விரித்துப் பார்க்கிறேன். மஞ்சள், வெறும் மஞ்சள். மாமியும் என் பின்னாலேயே வந்து எட்டிப் பார்க்கிறார். இருவரும் வாய் திறப்பதில்லை, சொன்னால் போய்விடுமோ என்று.

இலையப்பம் செய்தேன். பச்சரிசி மாவை வெந்நீரில் பிசைந்து வாழையிலையில் மெல்லிசாகப் பரத்தி, தேங்காய்த் துருவலும் கருப்பட்டியும் வைத்து மடக்கி ஆவியில். இதற்குப் பாலும் வேண்டாம், நெய்யும் வேண்டாம், எப்போதுமே வேண்டியதில்லை. எதற்காக இத்தனை நாள் அல்வாவையும் பாயசத்தையும் கட்டிக்கொண்டு மாரடித்தேனோ. எல்லோரும் தின்றோம். பினு ஐந்து. மாமி, "இத பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போவலாமே மக்களே, லீவு முடிஞ்ச பெறவு" என்றார். லீவு முடிந்த பிறகு என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் நினைவு வந்தது.

ஜூலை 3, வியாழன்

இரத்தம். இந்தத் தடவை நூல் இல்லை. திட்டு.

நேற்று தின்றது: சோறு, மத்தங்காய், கீரை, இலையப்பம் ஒன்று. முந்தாநாள்: அதேதான். மாமி மூன்று முறை கேட்டார், வேறு ஏதாவது தின்றாயா என்று. மூன்றாவது முறை சட்டியை வீசினேன். சட்டி உடையவில்லை, ஈயம். நெளிந்தது.

ஜூலை 7, திங்கள்

எடை முன்பைவிடக் குறைவு. டாக்டர் ரொம்ப மெதுவாகப் பேசினார். அப்போதே தெரிந்துவிட்டது. சில குழந்தைகளுக்கு எதை விலக்கினாலும் நிற்பதில்லையாம், யார் மேலும் தப்பு இல்லையாம். இனித் தாய்ப்பால் வேண்டாம்.

அப்படியானால் லேகியம்? அது மட்டும் காரணமாக இருந்திருந்தால் இதற்குள் நின்றிருக்கும் என்றார்.

ஆட்டோவில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். மீனை விட்டேன், முட்டையை விட்டேன், கடைசியாக லேகியத்தைக் கொட்டினேன். விடுவதற்கு ஒன்று இருந்தவரை நம்பிக்கை இருந்தது. இப்போது விடுவதற்கு நான் மட்டும்தான் மிச்சம்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "ஒன் லேகியத்துல ஒரு குத்தமும் இல்லம்மா." அந்தப் பக்கம் அழுகை. "எஞ் சாமி காப்பாத்திச்சு" என்றாள். அவளுக்கு ஒரு பாரம் இறங்கிய சந்தோஷம். அது தெரிந்ததும் எனக்கு ஆத்திரம் வந்து போனை வைத்துவிட்டேன். இரக்கமில்லாத பிறவி நான்.

ஜூலை 8, செவ்வாய்

டப்பா மாவு. முதலில் துப்பினாள். முகத்தைச் சுளித்து, என் நெஞ்சுப் பக்கம் திரும்பித் திரும்பித் தேடினாள். மாமி என்னை வெளியே போகச் சொன்னார். "ஒன் மணம் அடிச்சா குடிக்காது. நீ கெணத்தடிக்குப் போ." போய் நின்றேன். அழுகைச் சத்தம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்தது.

பினு வந்து காலி பாட்டிலைக் காட்டினார். சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாத முகம்.

ஜூலை 11, வெள்ளி

காய்ச்சல். மார் இரண்டும் கல்லாகக் கட்டியிருக்கிறது. கை படவிட முடியவில்லை. பிழிந்து விடக் கூடாதாம், பிழிந்தால் இன்னும் சுரக்குமாம். மாமி பிச்சிப்பூ வாங்கி வரச் சொல்லி, மாரில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார். வற்றுவதற்கு இங்கே அப்படித்தான் செய்வது. கட்டும்போது மாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. மணம் தாங்கவில்லை. கல்யாணத்தன்று தலை நிறைய வைத்ததும் இதே பூதான்.

நிலா நன்றாகத் தூங்குகிறாள். மூன்று நாளாக இரத்தம் இல்லை. எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். நானும் சந்தோஷப்பட வேண்டும். முயற்சி செய்தேன், வரவில்லை. அவள் பிழைக்கத் தொடங்கியது என்னிடமிருந்து பிரித்த பிறகுதான் என்பதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் விழுங்க முடியவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

தூறல். சுமதி அக்கன் வீட்டில் மகளுக்கு நிச்சயம். மாமி போய்விட்டு எனக்கு இலையில் மடித்துப் போளியும், தூக்குப்பாத்திரத்தில் பால் பாயசமும் கொண்டு வந்தார்.

"இனி ஒனக்கு என்ன விலக்கு மக்களே? எல்லாம் தின்னலாமே."

உண்மைதான். எனக்கு இனி எதுவும் விலக்கு இல்லை. போளியைப் பிய்த்துப் பாயசத்தில் முக்கித் தின்றேன். நெய் விரலில் வழிந்தது. நன்றாக இருந்தது. நன்றாக இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் வாயில் வைத்தேன்.

பாதியில் உள்ளே நிலா அழுதாள். பசி அழுகை. எழுந்துவிட்டேன். நைட்டியின் முன்பக்கம் இரண்டு வட்டமாக நனைந்தது. பூ, கட்டு, எல்லாவற்றையும் தாண்டி.

"நீ இரு, தின்னு" என்று சொல்லிவிட்டுப் பினு பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் உட்கார்ந்து மிச்சப் போளியையும் தின்று முடித்தேன்.