இனி போனை நானே எடுக்கிறேன், மச்சான்

என் ஆசை மச்சானுக்கு,

நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாள் எழுதவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதே. அழுது வடிந்து எழுதினால் நீ பாதியிலேயே மடித்து வைத்துவிடுவாய். இப்போது மனசு லேசாக இருக்கிறது, உட்கார்ந்துவிட்டேன். சேதி இதுதான்: நான் பாட்காஸ்ட் ஆரம்பித்திருக்கிறேன். சிரிக்காதே. ஒரு திக்குவாயன் பாட்காஸ்ட் ஆரம்பித்த கதையை முழுசாகக் கேள்.

திண்டிவனத்தில் நம் மோட்டார் கடையில் வேலை எப்படிப் பிரிந்திருந்தது? கருகின மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது நான். போனில் பேசுவது, வந்தவர்களிடம் பேசுவது எல்லாம் நீ. நான் ஒரு எழுத்தில் மாட்டிக்கொண்டு இழுப்பதற்குள் மிச்சத்தை நீ சொல்லி முடித்துவிடுவாய். பஸ்ஸில் கூட்டேரிப்பட்டுக்கு டிக்கெட் கேட்க வாய் வராமல், விழுப்புரம் என்று கேட்டு வாங்கிவிட்டு நடுவில் இறங்குவேன். "உடு மச்சான், மிச்ச தூரத்த நான் போய்க்கறேன்" என்று விழுப்புரத்துக்காரன் நீ கிண்டல் பண்ணுவாய். மச்சான் மச்சான் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே என் தங்கச்சி சாந்தியைக் கட்டி நிஜ மச்சானாகவே ஆன ஆள்தானே நீ.

நீ போன பிறகும் கடை போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் எடுக்கவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எடுத்தால் அந்தப் பக்கம் "அலோ, அலோ" என்று கத்துவார்கள், சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவார்கள். ஒவ்வொருத்தராக வேறு கடைக்குப் போனார்கள். கடையை மூடிவிட்டு எங்கேயாவது கூலிக்குக் காயில் கட்டப் போகலாமா என்றுகூட யோசித்தேன்.

சாந்திதான் வழி சொன்னாள். "எல்லாரும் கேக்கறது அதே நாலு கேள்விதானே அண்ணா? மோட்டாரு ஏன் நிக்குது, ஏன் சூடாவுது. பதில ஒருவாட்டி பேசி ரெக்கார்டு பண்ணி வச்சுடு. போன் பண்றவங்களுக்கு லிங்க்கு அனுப்பிக்கினு இருக்கலாம். அப்புறம் நீ பேசவே வேணாம்." வாயைத் திறக்காமல் இருப்பதற்காகப் பாட்காஸ்ட் ஆரம்பித்தவன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

முதலில் பேர் வைக்கணுமே. 'பம்ப்செட் பக்கம்' என்றாள் என் வீட்டுக்காரி கலா. 'ப' வந்தால் என் உதடு பூட்டிக்கொள்ளும், உனக்குத் தெரியாதா? கடைசியில் 'மோட்டார் ஓடலையா?' என்று வைத்தோம். பேசப்போவதைப் பேப்பரில் எழுதி, வாயில் வராத வார்த்தைகளை அடித்துவிட்டு வேறு வார்த்தை போட்டேன். காயிலுக்கு மட்டும் மாற்று கிடைக்கவில்லை. அதை விட்டால் எனக்குப் பிழைப்பே இல்லையே.

கடைக்குப் பக்கத்தில் வெல்டிங் பட்டறை இருப்பதால் விழுப்புரத்தில் உன் வீட்டுக்கே போய்ப் பதிவு செய்தோம். ஜன்னலில் மெத்தையைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வேர்த்து ஊற்ற ஊற்றப் பேசினேன். மூன்று லைனில் ஒன்றில் மின்சாரம் வராவிட்டால் மோட்டாரைத் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள், காயில் கருகிவிடும். விஷயம் இவ்வளவுதான். சொல்லி முடிக்கப் பதினோரு நிமிஷம். வெளியே கலா, "ஊர்ல ஒருத்தன் காயிலும் கருகலன்னா நீ இன்னாத்தக் கட்டுவ? நம்ம பொழப்புல நாமளே மண்ணள்ளிப் போட்டுக்கினு" என்று முணுமுணுத்தாள்.

சாந்தி போனிலேயே அரை நாள் உட்கார்ந்து என் திக்கலை எல்லாம் வெட்டினாள். நாலு நிமிஷம் ஆனது. போட்டுக் காட்டினாள். மடை திறந்த மாதிரி ஒருத்தன் பேசுகிறான் மச்சான், அது நான்! நாற்பத்தாறு வயசில் முதல்முறையாக நான் திக்காமல் பேசுவதைக் கேட்டேன். கண் கலங்கிவிட்டது. கலா மட்டும் "யாரு இது?" என்று கேட்டாள். நான் அதைக் காதில் வாங்கவில்லை. "இதையே போடு" என்று சாந்தியிடம் சொன்னேன்.

சனிக்கிழமை காலையில் அவள் ஏற்றினாள். வந்த லிங்க்கை நம் கடைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகுதான் நான் கேட்டேன். வெட்டாத பதிவு. பதினோரு நிமிஷமும் அப்படியே. உடனே சாந்திக்குப் போன் போட்டேன்.

"ரெண்டையும் ஒரே பேர்ல சேவ் பண்ணிட்டேன் போலக்கீது அண்ணா" என்றாள் சாந்தி. ஜல்தியாக எடுக்கச் சொன்னேன். "மாவு அரைச்சுக்கினு இருக்கேன், அப்புறம் எடுக்கறேன்" என்று வைத்துவிட்டாள். தெரியாமல் செய்தாளா, வேண்டுமென்றே செய்தாளா? நீ இருந்தால் உண்மையைக் கறந்திருப்பாய்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. சாந்திதான் வேறு நம்பரில் கூப்பிடுகிறாள் என்று எடுத்துவிட்டேன். கெடார் கிராமத்திலிருந்து ஒரு அம்மா.

"அண்ணா, நீங்க பேசனத எங்க ஊருல ஒருத்தரு அனுப்பனாருங்க. மத்தவங்க கடகடன்னு சொல்லிக்கினே போயிடறாங்க. நீங்க நின்னு நின்னு சொன்னீங்களா, ஒரு வார்த்த உடாம எழுதி ஸ்டார்ட்டர் பெட்டி மேலயே ஒட்டிட்டேன். ஒரே ஒரு சந்தேகங்க. அந்தப் பெட்டில இருக்கற மூணு லைட்டுல ஒண்ணு மங்கலா எரியுது. மோட்டாரப் போடலாமா?"

போடாதீங்க. ஒரே வார்த்தை, அதுவும் 'ப'வில். உதடு பூட்டிக்கொண்டது. நான் சொல்லாவிட்டால் அந்த அம்மா போட்டுவிடுவார், காயில் போய்விடும். உன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். இப்போது வைத்துவிடுவார், இப்போது வைத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"சொல்லுங்கண்ணா. நான் எங்கயும் போவல. மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணி நாளைக்கிக்கூட பாய்ச்சிக்கலாம்."

எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. சொன்னேன் மச்சான். அடுத்து என்ன பார்க்க வேண்டும் என்பதையும் சொன்னேன். அந்த அம்மா 'உம்' கொட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார். போனை வைத்த பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பத்து வயசிலிருந்து தோளில் கிடந்த ஏதோ ஒன்று இறங்கின மாதிரி இருந்தது. பதிவை எடுக்க வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்று சாந்திக்குச் சொல்லிவிட்டேன்.

ஒன்று சொல்லட்டுமா? என் வார்த்தைகளை நீ முடித்து வைத்தது பிரியத்தில்தான். ஆனாலும் சில நாள் உன்மேல் கோபம் வந்திருக்கிறது. நான் சொல்ல வந்தது வேறாக இருக்கும். நீ முடித்துவிட்டாயே என்று தலையாட்டிவிடுவேன். இதை உன்னிடம் நேரில் சொல்ல எத்தனையோ தரம் நினைத்தேன். ஆரம்பித்திருந்தால் இதையும் நீயே முடித்திருப்பாய்.

கடையை மூட மாட்டேன். போன் அடித்தால் எடுப்பேன். அடுத்த பதிவுக்கு எந்த வார்த்தையையும் அடிக்காமல் எழுதி வைத்திருக்கிறேன். எவ்வளவு நேரமானாலும் நான் சொல்ல வந்ததை நானே சொல்லி முடிப்பேன், இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. நீ எங்கே இருந்தாலும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிரு.

அவசரமே இல்லாமல்,
சாந்தியின் அண்ணன், உன் மச்சான்.