பிரேக் என் கையில்

ஆவணி 28, வியாழன், 1984

காலையிலிருந்து தூறல். மேற்கே மலை தெரியவில்லை. நல்லது. மலை தெரியாத நாளில் எனக்குச் சோறு ஒரு கை கூடவே இறங்குகிறது.

ஏலத் தோட்டத்து முதலாளி ஆள் விட்டிருந்தார். "திங்கக்கிழமை மேல வரலைன்னா வேற கணக்கப்பிள்ளை பாத்துக்கிறாராம். காய் எடுப்பு நேரத்துல அவரும் எத்தனை நாள்தான் பொறுப்பாரு?" வந்தவன் காபியைக் குடித்துவிட்டு என் இடது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எலும்பு கூடி மூன்று வாரம் ஆகிறது. அதை அவனும் கண்டுகொண்டான்.

கூடாதது வேறு. ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை, தோட்டத்து ஜீப்பு, மேலிருந்து ஒன்பதாவது வளைவு. பாண்டி ஓட்டினான். நான் பக்கத்து சீட். பீடிக்கு நெருப்புக் கேட்கிறவன் மாதிரி மெதுவாகத் திரும்பி, "பிரேக் இல்லண்ணே" என்றான். ஜீப்புக்குள் பதினாலு பேர். பாண்டி மட்டும் போய்ச் சேர்ந்தான்.

போன வாரம் யாருக்கும் சொல்லாமல் பஸ்ஸில் மலை உச்சியில் இருக்கிற மேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஏறும்போது ஒன்றும் இல்லை. இறங்கும்போது மூன்றாவது வளைவில், வயிற்று வலி என்று கண்டக்டரிடம் சொல்லி இறங்கிக்கொண்டேன். அடிவாரம் வரை நடை. ஐந்து மணி நேரம். இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்துவிட்டது. செல்வியிடம் கல் தடுக்கியது என்றேன்.

செல்விக்கு ஆறாம் மாதம். வேலை போனால் என்ன ஆகும் என்று எழுத வேண்டாம்.

ஒரு யோசனை. அடுத்தவன் காலுக்கடியில் பிரேக் இருப்பதால்தானே இந்தப் பயம்? என் கையில் இருந்தால்? ஏறும்போது பஸ், டாப்பில் சைக்கிள். இறங்கும்போது சைக்கிள்.

எழுதிப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆவணி 30, சனி

வெயில். மலை முழுசாகத் தெரிகிறது.

சின்னச்சாமி அண்ணன் சைக்கிள் கடை. பழைய வண்டி ஒன்று, பால்காரர் விட்டுவிட்டுப் போனது. இருப்பதில் அதுதான் மலிவு. பெயிண்ட் உரிந்திருக்கிறது. பெல் இல்லை. சீட்டில் கிழிசல். ஆனால் இரண்டு பிரேக்கும் பிடிக்கிறது. கடை முன்னால் ஏறி உட்கார்ந்து பதினைந்து தடவையாவது பிடித்துப் பார்த்திருப்பேன்.

"வண்டி வாங்க வந்தீகளா, பிரேக் வாங்க வந்தீகளா?" என்றார் அண்ணன்.

மலையில் இறங்க என்று சொன்னதும் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "இது பஜார்ல ஓட்ற வண்டி. மலைக்குன்னா நெறையச் சோலி கெடக்கு கணக்கப்பிள்ளே. ஒரு வாரம் விடுங்க."

ஒரு வாரம் இல்லை. திங்கள் போக வேண்டும். பிரேக் கட்டையை மட்டும் இறுக்கி வாங்கி வந்தேன்.

செல்வி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். "அத்தனை பேரும் ஜீப்புல வர்றப்ப நீங்க மட்டும் இதுலயா?" ஜீப்பில் இடம் கிடைப்பதில்லை என்றேன். அவள் நம்பவில்லை. எனக்குப் பயம் என்று அவளிடம் இதுவரை சொன்னதில்லை. கட்டிக்கொண்டவன் பயந்தாங்கொள்ளி என்று தெரிந்தால் வயிற்றுப் பிள்ளைக்காரி என்ன செய்வாள்?

புரட்டாசி 6, சனி

இறங்கிவிட்டேன்.

வாரம் முழுக்க மூட்டை எடை, காய் எடை, ஆள் பேர். மனசில் மட்டும் சனிக்கிழமை. தோட்டத்திலிருந்து மேட்டுக்கு நாலு மைல், முக்கால்வாசி ஏற்றம், தள்ளிக்கொண்டுதான் வந்தேன். மேட்டில் மேகம் ரோட்டில் படுத்திருந்தது. டீக்கடை ஏலியம்மா சேச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டு கேட்காமலே இன்னொரு டீ வைத்தார்.

"ஆத்யமா சைக்கிள்ல எறங்கறது?"

ஆமாம், முதல் தடவை என்றேன்.

கடைக்குப் பின்னால் போய், இலையோடு ஒரு கொப்பை இழுத்து வந்தார். விறகுக்காரர்கள் செய்வது போல அதைக் கயிறு போட்டு கேரியரில் கட்டிவிட்டார். பின்னால் தரையில் இழுபட்டு வண்டியைப் பிடித்துக்கொண்டே வரும். "பேடிக்கண்டா. மெல்லப் போ."

பேடி என்றால் பயம். எல்லோருக்கும் தெரிகிறது போல.

வளைவுக்கு வளைவு இறங்கி நின்றேன். எட்டாவதிலிருந்து பத்தாவது வரை உருட்டிக்கொண்டே நடந்தேன். ஒன்பதில் உடைந்த தடுப்புக் கல்லை இன்னும் மாற்றவில்லை. அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தேன்.

தாண்டிப் போன ஜீப்பிலிருந்து ஒருத்தன்: "கணக்கப்பிள்ளைக்கு வால் மொளைச்சிருச்சுடோய்." ஜீப்பே சிரித்தது. சிரிக்கட்டும்.

அடிவாரத்தில் கொப்பில் ஓர் இலை இல்லை. பிரேக் கட்டை நாலும் தேய்ந்து இரும்பு தெரிகிறது. இன்னும் ஒரு மைல் இருந்திருந்தால்?

புரட்டாசி 7, ஞாயிறு

வண்டி காலையிலேயே சின்னச்சாமி அண்ணன் கடையில். நாள் பூராவும் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். செய்த வேலை:

பிரேக் கட்டை நாலும் புதுசு. மெத்து ரப்பர். மாற்றுக்கு நாலு சட்டைப் பையில்.
பிரேக் கம்பிகள் புதுசு.
முன் சக்கரம் கோட்டம் எடுத்தது.
பின் சக்கரத்துக்குத் தடித்த போக்ஸ் கம்பி. சைக்கிளில் மூட்டை ஏற்றுகிறவர்கள் போடும் டயர்.
பின்னால் பெரிய பல்சக்கரம். மேட்டுக்கு ஏறி வரும்போது கால் நோகாதாம்.
பெல். பெரியது.

"இன்னும் ரெண்டு சாமான் மாட்டுனா லாரின்னு எழுதிப்புடலாம்" என்றார் அண்ணன். பிறகு பின் சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு பிரேக்கைப் பிடித்தார். டக்கென்று நின்றது. அந்தச் சத்தம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இன்னொரு தடவை செய்யச் சொன்னேன். இன்னொரு தடவையும்.

ராத்திரி செல்வி ரோட்டைப் பற்றிக் கேட்டாள். எத்தனை வளைவு, எது செங்குத்து, மழை பெய்தால் எப்படி. வெறும் பேச்சு போலத்தான் கேட்டாள். பதினேழு என்றேன். ஒன்பதாவது எது என்றாள். தெரியாது என்றேன்.

புரட்டாசி 16, செவ்வாய்

பூஜைக்கு இறங்கினேன். மூன்றாவது தடவை. கொப்பு கட்டித்தான். இன்று ஒன்பதில் மட்டும் நடந்தேன். மற்றதெல்லாம் உட்கார்ந்தபடி. பிரேக் கெட்டியாகப் பிடிக்கிறது. பதினாலாவது வளைவுக்குக் கீழே ஓர் இடத்தில் தேனி வரை தெரிகிறது, அதைப் பார்க்கக்கூடச் செய்தேன். இப்படியே பழகிப்போகுமோ?

புரட்டாசி 17, புதன். ஆயுத பூஜை

என் பேனா, கணக்கு நோட்டு, அவள் அரிவாள்மனை, சைக்கிள். சைக்கிளுக்குத்தான் பெரிய மாலை. சந்தனம் குங்குமம் மட்கார்டு முழுக்க. முன் சக்கரத்தில் எலுமிச்சம்பழத்தை நசுக்கியதும் செல்வி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், ரொம்ப நேரம். சாயங்காலம் தனியாக அடிவாரத்துக் கருப்பசாமி கோயிலுக்குப் போய் வந்தாள். நடக்க வேண்டாம் என்றால் கேட்கிறாளா?

சுண்டல் உப்புக் கம்மி.

புரட்டாசி 18, வியாழன்

எட்டு மணி பஸ். நான் குளித்து வருவதற்குள் செல்வி வண்டியைத் துடைத்து வைத்திருந்தாள். ஒவ்வொரு கம்பியும் பளபளவென்று. பழைய வண்டி என்று சொல்ல முடியாது. மனசுக்கு நிறைவாக இருந்தது, அவளிடம் சொல்லவும் செய்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு வரும் வழியில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. பிரேக் கொஞ்சம் வழுக்கியது போல இருந்தது. காலை ஊன்றி நிறுத்தினேன். புதுக் கட்டை பழகணும் போல. மேலே போய்ப் பார்க்க வேண்டும்.

பார்க்கவில்லை. போனதும் காய் எடை போடவே நேரம் சரியாக இருந்தது. வண்டி ஸ்டோரில், சாக்குக்கு அடியில்.

புரட்டாசி 20, சனி

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

மேட்டில் சாரல். இன்றைக்கு வால் வேண்டாம் என்று நினைத்தேன். பின்னால் ஜீப்பு வரும், அதே ஆட்கள். சேச்சி கொப்பை இழுத்து வந்து நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தவன், கட்டுங்க என்றேன். அந்த ஒரு வார்த்தைதான்.

முதல் நாலு வளைவு மேகத்துக்குள், மெதுவாக. பிரேக் பிடித்தும் பிடிக்காமலும். மழை ஈரம் என்று நினைத்தேன். ஐந்தாவது தாண்டி நீண்ட இறக்கம். இரண்டு கையாலும் அழுத்தினேன். லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டது. கட்டை ரிம்மில் உட்காருகிறது, பிடிக்கவில்லை. சத்தமே இல்லாமல் வழுக்குகிறது. வேகம் கூடுகிறது.

"பிரேக் இல்லண்ணே." பாண்டி குரல்தான். என் வாயிலிருந்து வந்தது.

கொப்பு இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே பறந்திருப்பேன். அது பின்னால் கிடந்து இழுத்ததால் ஆறாவது வளைவு எப்படியோ திரும்பியது. செருப்பை ரோட்டில் தேய்த்தேன், ஒன்று பிய்ந்துபோனது. ஏழாவது திரும்பாது என்று தெரிந்துவிட்டது. வலது பக்கம் பள்ளம். இடது பக்கம் மலையை ஒட்டி ஓடை. இடது பக்கம் ஒடித்தேன். உண்ணிச் செடிக்குள் தலைகீழாகப் போய் விழுந்தேன். முழங்கை, முட்டி, நெற்றி. எல்லாம் மேல்தோல்தான்.

எழுந்திருக்கவில்லை. மழை பெய்தது, உட்கார்ந்தே இருந்தேன். ஜீப்பு வந்து நின்றது. யாரும் சிரிக்கவில்லை. "ஏறுங்கண்ணே" என்றார்கள். மாட்டேன் என்று சொல்லும்போது அழுதுவிட்டேன். அத்தனை பேர் முன்னாலும். வண்டியை உருட்டிக்கொண்டு ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தேன்.

செல்வியிடம் சறுக்கி விழுந்தேன் என்று மட்டும் சொன்னேன். அவள் மஞ்சள் வைத்துவிட்டாள். கை ஜில்லென்று இருந்தது.

புரட்டாசி 21, ஞாயிறு

சின்னச்சாமி அண்ணன் சக்கரத்தைச் சுழற்றி பிரேக்கைப் பிடித்தார். நிற்கவில்லை. ரிம்மை விரலால் வழித்து மோந்து பார்த்தார். என் மூக்கிலும் காட்டினார்.

"வெளக்கெண்ணெய். கணக்கப்பிள்ளே, செயினுக்கு எண்ணெய் விடுவாக, தெரியும். ரிம்முக்கு எவன்யா தேச்சது? பிரேக் புடிக்கிற எடமே அதான?"

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவர் மண்ணெண்ணெய்த் துணியை எடுத்தார். இப்போது வேண்டாம், பிறகு வருகிறேன் என்று வண்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன்?

வீட்டுக்குள் நுழையும்போதே செல்வி பேச ஆரம்பித்துவிட்டாள். முகத்தில் இத்தனை தெளிச்சியைப் பார்த்து மாதக்கணக்கு ஆகிறது. "உங்ககிட்டச் சொல்லலை. கருப்பசாமி வெளக்குல இருந்து பூசாரி எண்ணெய் குடுத்தாரு. சக்கரம் ரெண்டுலயும் ஒரு எடம் விடாமத் தேச்சேன். அதான் அந்த மலையில விழுந்தும் தோலோட போச்சு. எண்ணெய்தான் காப்பாத்துச்சு." மாடத்தில் புட்டியைக் காட்டினாள். பாதி மிச்சம். "நாளைக்கும் தேச்சு விடுறேன்."

பிறகு, என் முகத்தைப் பார்க்காமல்: "நீங்க தூக்கத்துல பேசுறீக. பிரேக் இல்ல, பிரேக் இல்லன்னு. எனக்கு எல்லாம் தெரியும். எனக்கு மட்டும் பயமில்லையா?"

சோறு போட்டாள். சாப்பிட்டேன். எப்படிச் சொல்வது? சொன்னால் அந்த முகம் போய்விடும். சொல்லாவிட்டால் வாராவாரம் திருட்டுத்தனமாகத் துடைக்க வேண்டும். ஒரு வாரம் மறந்தால் அவ்வளவுதான்.

மத்தியானம் சொல்லிவிட்டேன். "அந்த எண்ணெயை என் நெத்தியில வச்சு விடு. வண்டிக்கு வேண்டாம்."

"ஏன்?"

சொன்னேன். பின் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, பிரேக்கைப் பிடித்தும் காட்டினேன். நிற்கவில்லை. அவள் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது தானாக நிற்கும் வரை. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"எந்த வளைவு?" என்றாள்.

"ஆறு. ஏழுல விழுந்தேன்."

சாம்பலும் சீயக்காயும் எடுத்து வந்து வாசலில் உட்கார்ந்தாள். அந்த வயிற்றோடு குனிந்து, ரிம்மைத் தேய்த்தாள், கழுவினாள், மறுபடியும் தேய்த்தாள். நான் செய்கிறேன் என்றால் தரவில்லை. இருட்டும் வரை தேய்த்தாள்.

புரட்டாசி 22, திங்கள்

மேகம் இல்லை. மலை முழுசாகத் தெரிகிறது. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் நெற்றியில் எண்ணெய் வைத்து விட்டாள், ஒரே ஒரு சொட்டு. பிறகு வண்டியை வாசலில் இறக்கி, "எப்படிப் புடிக்கணும்?" என்றாள். காட்டினேன். இரண்டு கையாலும் இரண்டு பிரேக்கையும் பிடித்தாள். "தள்ளுங்க." தள்ளினேன். அசையவில்லை. "பலமாத் தள்ளுங்க." பலமாகத் தள்ளினேன். டயர் மண்ணில் கோடு போட்டது, சக்கரம் சுற்றவில்லை.

"புடிக்குது" என்றாள்.

"சரி, விடு. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

விடவில்லை. விரல் வெளுத்துப்போகிற அளவுக்குப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி எதிரில் நின்றேன்.

எட்டு மணி பஸ் போய்விட்டது. அடுத்தது ஒன்பதரைக்கு.