உல்லாசப் பூங்காவுக்கு ஒரு வேண்டுதல்

அக்கா,

இன்று காலை பரணிலிருந்து நீலப் பெட்டியை இறக்கித் திறந்தேன். புது நைலானின் வாடை குப்பென்று அடித்தது. ஏழு பேருக்கும் நீ வாங்கி வைத்த டீ-ஷர்ட்டும் அரைக்கால் சட்டையும் மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. பருத்தித் துணியோடு போனால் தண்ணீர் விளையாட்டில் இறங்க விடமாட்டார்களாம் என்று நேரு வீதியில் கடை கடையாக ஏறி வாங்கினாய். வேட்டியைத் தவிர வேறெதுவும் உடுத்தியறியாத அப்பாவுக்கும் ஒன்று. "வேட்டியோட தண்ணில எறங்கினா வேட்டி ஒரு பக்கம் போவும், அப்பா ஒரு பக்கம் போவாருடி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். உன்னுடையதை எடுத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மூடிவிட்டேன்.

பெட்டியை இறக்கச் சொன்னது அப்பாதான். உன் வருஷத் திதி முடியும்வரை கோயிலுக்குப் போகக்கூடாது என்று காத்திருந்தவர், முடிந்த மறுநாளே, "காலாண்டு லீவுல எல்லம்மா கோயிலுக்குப் போயி அவ வேண்டுதலை முடிச்சிட்டு வந்துடணும். நான் மொட்டை போட்டுக்கறேன்" என்றார். அந்த வேண்டுதலின் கதை இப்போது எனக்கு ஒருத்திக்குத்தானே தெரியும்.

நம் வீட்டில் யாரும் சும்மா ஊருக்குப் போனதில்லை. கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, கோயில் என்று ஏதாவது ஒன்று இருந்தால்தான் அப்பா செருப்பை மாட்டுவார். நாம் குடியிருக்கும் வீட்டின் மாடியைப் பூட்டிவிட்டு பிரான்சில் இருக்கும் வீட்டுக்காரம்மா லாஸ்பேட்டைக்கு வரும்போதெல்லாம் "வக்கான்ஸுக்கு வந்தோம்" என்பார். வேலையும் இல்லை, விசேஷமும் இல்லை, சும்மா இருக்கத்தான் வருவது என்று அவர் விளக்கியதைக் கேட்டுவிட்டு வந்து, "நாமளும் ஒரே ஒருதரம் வக்கான்ஸ் போவணும்டி" என்றாய். அன்றிலிருந்து போனும் கையுமாக அலைந்தாய். பெங்களூருக்கு அந்தப் பக்கம் பெரிய உல்லாசப் பூங்கா, உள்ளேயே தங்குவதற்கு அறைகள், இரண்டு நாள். எந்த ராட்டினத்துக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்பதுவரை உனக்கு மனப்பாடம். என் மகனைச் சுவரோடு நிறுத்தி அளவு நாடாவால் அளந்தாய். சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்ட் முடித்துக் களைத்து வந்த மாமாவைக்கூட விடாமல், யாருக்கு எதில் ஏற ஆசை என்று உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொண்டாய்.

அப்பாவிடம் சொல்வதுதான் பாக்கி. அந்தத் தையில்தான் அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் முடிந்திருந்தது. மாசிமகத் திருவிழாவில் சுற்றாத ராட்டினமா என்று ஒரே வார்த்தையில் ஊதித் தள்ளிவிடுவார் என்று நம் இருவருக்கும் தெரியும். நீதான் வழி கண்டுபிடித்தாய்.

"பூங்காவுக்கு ரெண்டு கிலோமீட்டர்ல ஒரு கோயில் இருக்குதுடி. மேப்புல எல்லம்மான்னு போட்டிருக்கு. நான் வேண்டிக்கிட்டேன்னு சொல்லிடறேன். அப்படியே பக்கத்துல பூங்காவுக்கும் போயிடலாம்."

நான் தலையாட்டினேன். தலையாட்டியதோடு விட்டேனா? "ஆபரேஷனப்போ வேண்டிக்கிட்டதா சொல்லு, அப்பத்தான் மறுக்க மாட்டாரு" என்று எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

அப்பா மறுக்கவில்லை. "எனக்காகவா வேண்டிக்கிட்ட?" என்று உன் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். நீ என்னைப் பார்த்தாய். நான் அடுப்பைப் பார்த்தேன்.

மே மாதம் கிளம்புவதற்கு ஆறு நாள் இருக்கும்போது ஊரில் பங்காளிப் பெரியவர் ஒருவர் இறந்துபோனார். பதினாறு நாள் தீட்டு. "தீட்டோட கோயில் படி மிதிக்கறதா? காலாண்டு லீவுல பாத்துக்கலாம்" என்று அப்பா முடித்துவிட்டார். "வெறும் டூருன்னு ஒத்துக்க வெச்சிருந்தா இந்நேரம் வேன்ல ஏறியிருப்போம்டி. கோயில்னு சொல்லி நம்ம தலையில நாமளே மண்ண வாரிப் போட்டுக்கிட்டோம்" என்று அதற்கும் சிரித்தாய். காலாண்டு லீவு வருவதற்குள் நீயே இல்லை. ஆடி மாதம் ஒரு காலை, ஆபீசுக்குப் போக ஸ்கூட்டரை எடுத்தவள் தலை வலிக்கிறது என்று வாசலில் உட்கார்ந்தாய். கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். மூன்றாம் நாள் போய்விட்டாய்.

அதன் பிறகு அப்பா ஒன்றையே பிடித்துக்கொண்டார். "எனக்காக வேண்டிக்கிட்டா. நான் தள்ளிப் போட்டேன். எல்லம்மா அவளை எடுத்துக்கிச்சு." சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சொல்வார், பால்காரரிடம் சொல்வார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை வாயெடுத்தேன். சொன்னால், செத்துப்போன உன்னைப் பொய்க்காரி ஆக்க வேண்டும். அந்த அதிர்ச்சியில் அவர் நெஞ்சுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சொல்லாவிட்டால், மகளைப் பலிகொடுத்தவன் என்ற நினைப்போடே அவர் காலம் முடிய வேண்டும். உன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது அக்கா. பொய்யில் பாதி உன்னுடையது, அதோடு கிடந்து மல்லுக்கட்டுவது மட்டும் முழுக்க நானா என்று உன் படத்தைப் பார்த்தே கேட்டிருக்கிறேன்.

இந்த முறைப் பயணத்தில் பூங்கா கிடையாது. "வெளையாடப் போற எடமில்ல அது" என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நைலான் துணிகளை யாருக்காவது கொடுத்துவிட்டுப் பெட்டியில் பூஜைச் சாமான் அடுக்கச் சொல்லியிருந்தார்.

பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தால் பின்னால் உன் மகள் யாழினி. பதினோரு வயதுப் பெண்ணின் முகம் வெளுத்துக் கிடந்தது.

"சித்தி, அங்க போனா எல்லம்மா என்னையும் எடுத்துக்குமா?"

"யாருடி சொன்னது?"

"தாத்தாதான். வேண்டினத செய்யலன்னா சாமி கேக்கும்னாரு. நான்தானே அம்மாகிட்ட ராட்டினத்துக்குப் போலாம், போலாம்னு நச்சரிச்சேன்."

அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. அவளை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, அப்பாவின் நெஞ்சுவலி மாத்திரை ஒன்றை உள்ளங்கையில் மூடிக்கொண்டு வாசலுக்குப் போனேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அக்கா வேண்டிக்கவே இல்ல."

பேப்பர் தாழ்ந்தது. "என்னம்மா சொல்ற?"

"ராட்டினத்துக்குப் போவணும்னு ஆசை. நீங்க விட மாட்டீங்கன்னு கோயில்னு சொன்னோம். ஆபரேஷனச் சொன்னா ஒத்துப்பீங்கன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

அவர் பேப்பரை இரண்டாக மடித்தார். பிறகு நான்காக மடித்தார். சட்டைக்குள் அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். கை வியர்வையில் மாத்திரை பிசுபிசுத்தது.

"எல்லம்மா?"

"போன்ல பாத்த பேருப்பா."

"அப்ப அவளை யாரும் எடுத்துக்கல."

"இல்லப்பா. வியாதிதான்."

அழுதார் அக்கா. உன் சாவன்றுகூட அழாத மனுஷன், தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அழுதார். கொஞ்சம் ஓய்ந்ததும், "எங்கிட்டயே கேட்டிருந்தா விட்டிருப்பேனே" என்றார். பிறகு தானே தலையை ஆட்டிக்கொண்டு, "எங்க, விட்டிருக்க மாட்டேன்" என்றார்.

யாழினி கதவோரம் வந்து நின்றிருந்தாள். அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். "தாத்தா தப்பா சொல்லிட்டேன் கண்ணு. சாமி ஒண்ணும் செய்யல. உங்கம்மா பாத்து வெச்ச எடத்துக்கே போவோம்." அப்புறம் என்னைப் பார்த்தார். "அவளுக்கு எதுல ஏறணும்னு ஆசை? சொல்லும்மா. நான் ஏற முடியாது, கீழ நின்னாவது அதைப் பாக்கறேன்."

வாயைத் திறந்தேன். மாமா எதில் ஏற ஆசைப்பட்டார் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் கேட்டது தெரியும், என் கணவர் கேட்டது தெரியும். நீ எழுதியதில் எங்கள் ஆசைதான் இருந்தது. ஒருவரையும் விடாமல் நீ கேட்டாய். உன்னை யாராவது கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"தெரியாதுப்பா" என்றேன். "நான் கேட்டதே இல்ல."

அவர் என்னைத் திட்டவில்லை. மெல்ல எழுந்து உள்ளே போய்விட்டார். ஓராண்டாக நெஞ்சை அழுத்திய பொய்யை இன்று இறக்கி வைத்துவிட்டேன். இதை யாரிடம் போய் இறக்கி வைப்பேன் அக்கா?